கோத்தகிரி ஈரத்தில் எதைக் கொண்டு எழுதுவது?

எங்கள் ஊரில் தேயிலை எடை போடும் கொட்டகைக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் எழுதுசாமான் பட்டியல் ஒன்று போடுவோம். ரசீதுப் புத்தகம், கார்பன் தாள், பேனா, பென்சில், ரப்பர், ஸ்கேல் என்று ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். மாலையில் லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பிள்ளைகள் பதினெட்டுப் பேர் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற அறைக்கும் அதே பட்டியலில்தான் சாமான் வருகிறது. நாலு வருடமாக அதை எழுதுவது நான்தான். கடையில் எத்தனையோ வகை தொங்குகிறது. அதில் நம் மழைக்கும் குளிருக்கும் எது சரிவரும் என்பது ஒரு கேள்வி. அதை என்ன பேர் சொல்லிக் கேட்டால் சரியான சாமான் கைக்கு வரும் என்பது இன்னொரு கேள்வி. தமிழும் படுகமும் கன்னடமும் மலையாளமும் இலங்கைத் தமிழும் ஒரே கடை வாசலில் வந்து நிற்கிற நீலகிரியில் இந்த இரண்டாவது கேள்வியைச் சின்னது என்று தள்ளிவிட முடியாது.

முதல் வருடம் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு எல்லாவற்றுக்கும் ஜெல் பேனாவே வாங்கினேன். அழுத்த வேண்டாம், தாளில் வழுக்கிக்கொண்டு போகும், எழுத்து அச்சடித்த மாதிரி கறுப்பாக விழும். எனக்கும் பிடித்திருந்தது. ஐப்பசி பிறந்தது. சமவெளிக்காரர்களுக்கு நீலகிரி என்றால் ஆடி மழைதான் நினைவுக்கு வரும். கூடலூர், தேவாலா பக்கம் அப்படித்தான். கிழக்குச் சரிவில் இருக்கிற எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஒரு நாள் காலை எடை முடிந்து, பதினொரு பேருடைய இலைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, தராசுப் பலகை மேல் வைத்துவிட்டு வண்டிக்காரரைப் பார்க்கப் போனேன். தகரக் கூரையில் ஓர் ஆணி ஓட்டை. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் சரியாக அந்தத் தாளின் நடுவில் விழுந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் பேர்களும் கிலோக்களும் கலந்து சாம்பல் நிறக் குளம். ஓரத்தில் ஒரு 17 மட்டும் மிச்சம். அது யாருடைய 17 என்று தெரியவில்லை.

அன்று சாயந்திரம் பதினொரு வீட்டுக்கும் நடந்தேன். எல்லாரும் அவரவர் எடையை நினைவில் வைத்திருந்து சொன்னார்கள். கடைசி வீட்டுப் பாட்டிதான் சொல்லவில்லை. அடுப்படியில் உட்கார்ந்தபடியே, “நீ என்ன எழுதுனியோ அதுதான் கண்ணு எனக்குக் கணக்கு” என்றார். நான் எழுதியது தண்ணீரோடு போய்விட்டது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? போன வாரத்து ரசீதுகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, அவர் வழக்கமாகப் பறிக்கிற அளவில் கூடுதலாக வருகிற எண்ணைப் போட்டேன். எழுதுகிற சாமான் எதுவாக இருந்தால் என்ன என்று அதுவரை நினைத்திருந்த நான், அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றையும் நனைத்துப் பார்த்து வாங்கத் தொடங்கினேன்.

ஜெல் மை என்பது தண்ணீரில் சாயத்தையோ நிறத்தூளையோ கலந்து, கூழ் பதத்துக்குக் கொண்டுவந்தது. 1984இல் ஜப்பானில் சகுரா நிறுவனம் கொண்டுவந்த வகை இது. நிறத்தூள் கலந்த மை காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. சாயம் கலந்தது கரைந்து ஓடும். பேனா மேல் எது என்று எழுதியிருப்பது அபூர்வம். அதனால் நான் செய்வது இதுதான்: ஒரே ஒரு பேனா வாங்கி, பழைய தாளில் நாலு வரி எழுதி, ஒரு நாள் காய விட்டு, மறுநாள் விரலால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். தேறினால் பிள்ளைகளுக்கு வாங்குவேன். கை வலிக்காமல் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய பிள்ளைக்கு, கூரை ஒழுகாத அறையில், ஜெல் நல்ல துணை. கொட்டகைக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம். நனைவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கார்பன் தாள்.

இலை ரசீது இரண்டு பிரதி போடுவோம். மேல் தாள் விவசாயிக்கு, அடித்தாள் கொட்டகைக்கு. நடுவில் கார்பன். அது பதிய வேண்டுமென்றால் கை அழுத்தம் வேண்டும். ஜெல் பேனாவும் இங்க் பேனாவும் அழுத்தாமல் எழுதுவதற்கென்றே பிறந்தவை. அழுத்தினால் முனை போய்விடும். அடித்தாளில் பாதி எண் விழும், பாதி விழாது. 38 கிலோ என்று எழுதியது கீழே 33 என்று தெரிந்தால் சண்டைக்கு வேறு காரணமே வேண்டாம். மழைக் காலத்தில் இலை ஈரத்துக்கென்று கிலோ கழிக்கிற வழக்கம் வேறு இருக்கிறது. மொத்த எடை, கழித்த எடை, நிகர எடை என்று மூன்று எண்ணும் இரண்டு தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீதுக்கு அதனால் பால் பேனாதான். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

பால் பேனாவின் மை எண்ணெய்ப் பசை போன்றது. தண்ணீரில் கரையாது. முனையில் இருக்கிற குண்டு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். அது உருளும்போது உள்ளிருக்கிற மையை வாங்கித் தாளில் தடவிக்கொண்டே போகிறது. ஹங்கேரிக்காரரான லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை வாங்கிய யோசனை. இங்கிலாந்தில் இன்றும் அந்தப் பேனாவுக்கு அவர் பேரையே சொல்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு தலைமுறைக்கு பால் பேனா என்றால் ரெனால்ட்ஸ். வெள்ளை உடம்பு, நீல மூடி. வேறு கம்பெனிப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே “இந்த ரெனால்ட்ஸ் எழுதல” என்று சொல்கிற பெரியவர்கள் இன்றும் உண்டு. கொட்டகைக்கு வருகிறவர்கள் வாயில் மட்டும் இதற்கு பால் பென், பாயிண்ட் பேனா, டாட் பென், ரீபிள் பேனா என்று நாலு பேர் இருக்கிறது. தமிழில் பந்துமுனைப் பேனா என்று எழுதுவோம். இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் குமிழ்முனைப் பேனை என்பார். குமிழ் என்ற சொல் அந்தக் குண்டுக்கு எவ்வளவு பொருத்தம்! கேட்ட நாளிலிருந்து எனக்குப் பந்துமுனையை விட அதுதான் பிடிக்கிறது.

குறையும் இருக்கிறது. மார்கழி, தை மாதக் காலையில் எண்ணெய் மை இறுகிப்போகும். பேனா திக்கும். முதல் நாலு எழுத்து வெறும் கீறலாக விழும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மத்துக் கடைகிற மாதிரி நன்றாக உருட்டி, ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் இரண்டு சுழி போட்டால் வழிக்கு வரும். நான் இரவில் பேனாவைக் கொட்டகையில் விடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் ஸ்வெட்டருக்கு உள்ளே, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். தாள் ஈரமாக இருந்தாலும் இது எழுதாது: குண்டு உருளாமல் வழுக்கும். இலை பறித்த கையின் பசை பட்ட தாளிலும் அப்படியே. பிறகு முனையைத் துணியில் துடைத்தால்தான் உயிர் வரும். சுவரில் மாட்டிய காலண்டரில் எழுதினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மை கீழ்நோக்கி இறங்கித்தான் குண்டுக்கு வர வேண்டும். இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். விலையும் குறைவு, தொலைந்தாலும் மனசு வலிக்காது.

தொலைந்தால் மனசு வலிக்கிற பேனா என்னிடம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் இங்க் பேனா. எபோனைட் உடம்பு, கழுத்தைக் கழற்றி ஃபில்லரால் நேராகக் குழாய்க்குள் மை ஊற்றுகிற வகை. நிப்பின் வலது ஓரம் அவர் கைக்குத் தேய்ந்தது. அதில் நான் எழுதினால் முதலில் கீறும். பேனாவைக் கொஞ்சம் அவர் பிடிக்கிற பக்கம் சாய்த்தால் உடனே ஒழுகி ஓடும். முள், அதாவது நிப்பு, கை மாறினால் கெட்டுவிடும் என்று யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார். எனக்கு எதைக்கொண்டு எழுதப் பிடிக்கும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காகிதத்தில் முள் உராய்கிற அந்தச் சத்தமும், ஈரமாகப் பளபளத்து மெல்ல மங்கிக் காய்கிற எழுத்தும் வேறெதிலும் கிடைக்காது.

ஆனால் மலைக்கும் இங்க் பேனாவுக்கும் ஒத்துப்போவது கஷ்டம். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குஞ்சப்பனை தாண்டி வளைந்து வளைந்து ஏறிக் கோத்தகிரி வந்து சேரும்போது ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்துக்கு வந்திருப்போம். அதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பஸ்ஸில் வாங்கி வந்த சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காதை அடைப்பதும் அதனால்தான். பாதி மையோடு இருக்கிற பேனாவுக்குள்ளும் மீதிப் பாதி காற்றுதான். அது விரியும்போது மையை முள் வழியாக வெளியே தள்ளும். ஊர் வந்து மூடியைக் கழற்றினால் கழுத்தெல்லாம் மை. புதிதாக வேலைக்கு வந்த டீச்சர் ஒருவர் முதல் நாளே வெள்ளைத் துப்பட்டாவில் நீலக் கறையோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். பேனா ஓட்டை என்று நினைத்துத் தூக்கிப் போடப் போனார், நான்தான் தடுத்தேன். மலை ஏறும்போது பேனா முழுக்க மை நிரம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலியாக இருக்க வேண்டும். முள் மேல்நோக்கி இருக்கும்படி பையில் செருக வேண்டும். அப்போது விரிகிற காற்று மையைத் தொடாமல் வெளியேறிவிடும். வேறு வித்தை கிடையாது.

அப்பா பேனா மாதிரி ஊற்று வகையில் இன்னொரு தொல்லை. குளிர்ந்து கிடந்த பேனாவை எடுத்துச் சூடான கையில் பிடித்து எழுத உட்கார்ந்தால், மை குறைவாக இருக்கிற நேரத்தில், உள்ளே இருக்கிற காற்று கைச்சூட்டிலேயே விரிந்து பொட்டென்று ஒரு சொட்டு விழும். பேனா கக்கிவிட்டது என்போம். பாதிக்குக் கீழே போக விடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் கக்காது. சின்ன மைக்குழாய் மாட்டுகிற வகையில் காற்றுக்கு இடம் குறைவு, தொல்லையும் குறைவு. மழை மாதங்களில் தாளே ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். அதில் இங்க் பேனாவால் எழுதினால் எழுத்துக்கு வேர் விட்ட மாதிரி மை ஊறிப் பரவும். நோட்டுகளை அடுப்படிப் பரணில் வைத்து எடுத்தால் கொஞ்சம் தேவலை. அதனால் இந்தப் பேனா எனக்கு வீட்டோடு சரி. கடிதமும் நாட்குறிப்பும் அதில்தான்.

பேனா என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது. அவர்கள் மொழியில் இறகு என்று பொருள். இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தின் ஞாபகம். இலங்கையில் பேனை, மலையாளத்தில் பேன. தனித்தமிழில் எழுதுகிறவர்கள் தூவல் என்கிறார்கள். அதற்கும் இறகு என்றுதான் பொருள். கூடலூரில் வளர்ந்த என் தோழிக்கு வீட்டில் மலையாளம். தூவல் என்றதும் அவளுக்குக் கோழி இறகுதான் கண்ணில் வந்தது, ஏனென்றால் மலையாளத்தில் இன்றும் இறகுக்கு அதுதான் சொல். கடல் தாண்டி வந்த சொல்லும் இங்கேயே இருந்த சொல்லும் ஒரே பறவையிடம் போய் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பட்டியலில் நான் எழுதுவது பேனாதான். தூவல் என்று எழுதினால் கடைக்காரர் திணறிப் போவார்.

பேர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பிள்ளைகளிடம் நடந்ததையே சொல்கிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நீலகிரியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டம் போட்டது 1968இல். அதுதான் 1976இல் டான்டீ என்ற கம்பெனி ஆனது. வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் பாட்டிமார் வளர்த்த பிள்ளைகள் வாயில் நோட்டுக்குக் கொப்பி என்றும், ரப்பருக்கு அழிறப்பர் என்றும் வரும். சாக்பீஸ் அந்த வீடுகளில் வெண்கட்டி. ஸ்கேலுக்கு அவர்கள் சொல் அடிமட்டம். அங்கே பள்ளிப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கும். நம் பாடப்புத்தகம் அளவுகோல் என்கிறது, நம் வாய் ஸ்கேல் என்கிறது, அடிமட்டம் என்றால் நமக்குக் கடைசித் தட்டு.

ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி. அவளுடைய அப்பாயி காசைக் கொடுத்து, “கடையில போய் நல்ல அடிமட்டமா ஒண்ணு வாங்கிட்டு வா” என்று அனுப்பியிருக்கிறார். இவளும் போய் அதையே கேட்டிருக்கிறாள். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, “மட்டமான சாமானெல்லாம் நாங்க வைக்கிறதில்ல பாப்பா” என்று சொல்ல, நின்றிருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காசை இறுக்கிப் பிடித்தபடி மாலையில் என்னிடம் வந்தாள். “அக்கா, அடிமட்டம்னு சொல்றது தப்பா?” என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. தப்பே இல்லை, அடி அளக்கிற மட்டம், கொத்தனார் மட்டப் பலகை வைத்துப் பார்க்கிறார் இல்லையா, அந்த மட்டம் என்று எடுத்துச் சொன்னேன். நம் ஸ்கேலை விட அர்த்தமுள்ள தமிழ்ச் சொல் அது. அன்றைக்கு அவளோடு நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். விவரம் தெரிந்ததும் ஒரு ஸ்கேலை எடுத்து அவளிடம் கொடுத்து, “இந்தாம்மா அடிமட்டம்” என்றார்.

இதற்கு நேர்மாறாக ஆபத்தில் முடியப் பார்த்தது கட்டர் கதை. பென்சில் சீவுகிற சின்ன டப்பிக்கு எங்கள் பக்கம் ஷார்ப்னர். கேரள எல்லையோரப் பிள்ளைகள் அதைக் கட்டர் என்பார்கள். குண்டல்பேட்டையிலிருந்து வந்து எங்கள் அறையில் சேர்ந்த பையன் மெண்டர் என்றான். கர்நாடகத்தில் அதுதான் வழக்கம். கூடலூரிலிருந்து வந்த சின்னப் பிள்ளை கட்டர் கேட்க, கடையில் தாள் வெட்டுகிற பிளேடுக் கத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நல்ல வேளை, பையில் பார்த்தது நான்தான். எல்லாருக்கும் இங்கிலீஷ் பேர் சொல்லிவிட்டால் குழப்பம் வராது என்று பலர் சொல்வார்கள். ஷார்ப்னர், கட்டர், மெண்டர் மூன்றுமே இங்கிலீஷ்தான். மூன்று ஊர், மூன்று பேர், ஒரே டப்பி.

பென்சிலுக்கு மட்டும் எங்கும் ஒரே பேர். கரிக்கோல் என்று புத்தகத்தில் படித்த பிள்ளையும் கடையில் பென்சில்தான் கேட்கும். உள்ளே இருப்பது ஈயம் இல்லை. கிராபைட்டையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்ட குச்சி. 1795இல் பிரான்சில் கோந்தே என்பவர் காப்புரிமை வாங்கிய முறை அது. களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மெதுமெதுப்பு, கறுப்பு. ஈரத்தில் கரைவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. வெயிலில் வெளுக்காது, குளிரில் இறுகாது, எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் கக்காது. மேலே பார்த்துக்கூட எழுதலாம். தோட்டத்துக்குள் நின்றுகொண்டு, தூறலில், எந்தப் பாத்திக்கு எந்த நாளில் மருந்து அடித்தது, எங்கே கவாத்து பாக்கி என்று குறிக்க இதைவிட நல்லது கிடையாது. எச்.பி. வேண்டாம், 2பி வாங்குங்கள். ஈரம் ஏறிய தாளில் எச்.பி. கீறிக் கிழிக்கும், 2பி அழுத்தாமலே கறுப்பாக விழும். சீக்கிரம் மழுங்கும் என்பது உண்மைதான். பையில் இரண்டாக வைத்துக்கொண்டால் போயிற்று.

அப்படியானால் ரசீதையும் பென்சிலில் எழுதலாமே என்று ஒரு வருடம் யோசித்தேன். கார்பனில்கூட நன்றாகப் பதிகிறது. எழுதிப் பார்த்த முதல் நாளே ஒரு விவசாயி ரசீதைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். “அழிச்சா அழியுற எழுத்தை நான் எப்படிம்மா நம்பி வாங்கிக்கிறது?” கேட்டது நியாயம். அழிக்க முடியும் என்பது பிள்ளைக்கு வரம். கணக்கில் அதற்கு இடம் இல்லை. அப்பா எஸ்டேட்டில் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதிய காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காப்பியிங் பென்சில் என்று ஊதாச் சாயம் கலந்த ஒன்று. நாக்கில் தொட்டு எழுதினால் மை மாதிரி ஒட்டிக்கொள்ளும், ரப்பருக்கு மசியாது. பேர் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற அப்பாவின் கீழுதடு ஊதாவாக இருக்கும். நாவல் பழம் சாப்பிட்டாரா என்று நாங்கள் கேட்போம். எங்கள் கடைகளில் இப்போது அது கண்ணில் படுவதில்லை. கிடைத்தாலும் வாங்க மாட்டேன். மழையில் நனைந்தால் சாயம் பக்கம் முழுக்கப் பரவிவிடும், சாயத்தை நாக்கில் வைப்பதும் நல்லதில்லை.

சிலேட்டைச் சேர்க்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. எழுத்துப் பழகுகிற மூன்று பிள்ளைகளுக்காக ஆறு சிலேட்டும் ஒரு டப்பா பலப்பமும் வைத்திருக்கிறேன். பலப்பம், பல்பம், சிலேட்டுக்குச்சி, கன்னடத்தில் பளப. எந்தப் பேரானாலும் பிள்ளைகள் கடித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு எங்கள் குளிரில் காய நேரமாகும், காயும் வரை பலப்பம் பிடிக்காது. அடுப்புப் பக்கம் காட்டி எடுத்துக் கொடுப்போம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எடை மெஷினிலேயே சீட்டு அச்சாகி வருகிறபோது இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சில இடங்களில் அப்படி வந்துவிட்டது, வசதிதான். ஆனால் அந்த வழவழப்புச் சீட்டு சூட்டில் அச்சாவது. வெயிலிலும் அடுப்பின் மேலும் வைத்தால் வெளுத்துப்போகும் அல்லது முழுக்கக் கறுத்துவிடும். மலை வீட்டில் எல்லாத் தாளையும் அடுப்படியில்தான் பத்திரப்படுத்துகிறோம். மாதக் கடைசியில் பணம் வாங்கப் போகும்போது வெறும் வெள்ளைத் தாளை நீட்டி நின்ற ஓர் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அச்சுச் சீட்டு வாங்குகிறவர்களும் அதன் பின்பக்கத்தில் எடையைப் பால் பேனாவால் ஒரு தடவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வருடப் பட்டியல் போன ஞாயிற்றுக்கிழமை எழுதினோம். கொட்டகைக்கு இருபது பால் பேனா, நீலம் மட்டும். தோட்டக் குறிப்புக்கு 2பி பென்சில் ஒரு டஜன். பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை பென்சில், அதற்கு மேல் பால் பேனா. பரீட்சை எழுதுகிற பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் நனைத்துப் பார்த்துத் தேறிய ஜெல் பேனா ஆளுக்கு இரண்டு. இங்க் பேனாவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் கையெழுத்து பழக ஆசைப்பட்ட இரண்டு பேருக்கு என் காசில் சின்ன மைக்குழாய் மாட்டுகிற பேனா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் மட்டும், வீட்டில் உட்கார்ந்து எழுத.

பேர் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கம்பெனிப் பேர் எழுதினால் அந்தக் கம்பெனி சரக்கு இல்லாத நாளில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகப் பேர் பிள்ளைக்குத் தெரியும், கடைக்குத் தெரியாது. அதனால் முதலில் நம் கடையில் சொல்கிற பேர், பக்கத்திலேயே அது செய்கிற வேலை: பென்சில் சீவுகிற ஷார்ப்னர், கோடு போடுகிற ஸ்கேல், கார்பனில் பதிகிற பால் பேனா. வேலையைச் சொல்லிவிட்டால் எந்த ஊர்க்காரர் கடையில் நின்றாலும் சரியான சாமான் வந்துவிடுகிறது. அதற்கும் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டிருந்தேன். அவரவர் வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தேன். குண்டல்பேட்டைப் பையன் மெண்டர் என்று எழுதினான். கூடலூர்ப் பிள்ளை கட்டர் என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரு ஷார்ப்னர் படமும் போட்டது. தாள் கடைசியாக அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் போனது, இப்போது ஏழாவது. பேனாவை வாங்கி, உள்ளங்கையில் நாலு தடவை உருட்டிவிட்டு, ஸ்கேல் என்ற சொல்லுக்கு நேரே அழுத்தி எழுதினாள்: அடிமட்டம், 6. கீழே வைத்திருந்த கார்பன் பிரதியிலும் அது தெளிவாக விழுந்திருந்தது.